சி-யில மாத்திப் பூட்டக்கூடிய என்கிரிப்ஷன் ட்ரைவர்: எந்த இடத்தில வெட்டுறது?

தம்பி, உங்கட கேள்வியை ரெண்டுதரம் வாசிச்சிட்டுத்தான் எழுதுறன். மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணும் எண்டதுக்காக சுருக்கமா ஒருக்கா சொல்லுறன்: நீங்கள் அறிவியல்நகரில எஞ்சினியரிங் கடைசி வருசம், நாலுபேர் சேர்ந்து ஒரு கமக்காரர் அமைப்புக்கு சி மொழியில பதிவு வைக்கிற ப்ரோக்ராம் எழுதுறியள், அதுக்குள்ள கமக்காரற்றை பேர், அடையாள அட்டை இலக்கம், பாங்க் கணக்கு இலக்கம், காலபோகம் எத்தினை ஏக்கர் சிறுபோகம் எத்தினை ஏக்கர், பசளைக் கணக்கு எல்லாம் கிடக்கு. ஒஃபிஸில லினக்ஸ் போட்ட பிசி, நெல்லு நிறுக்கிற இடத்தில ஈஎஸ்பி32 எண்ட சிப் போட்ட சின்னப் பெட்டி, ஊருக்குள்ள கொண்டுபோக ராஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கம்பியூட்டர். அந்தத் தரவை என்கிரிப்ட் பண்ண, அதாவது கீ இல்லாதவைக்கு விளங்காதபடி மறைக்க, பிசியில ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரி, பெட்டியில எம்பெட் டிஎல்எஸ் லைப்ரரி, நாளைக்கு வேற ஒண்டு வந்தாலும் மேல இருக்கிற கோட்டில கைவைக்காமல், லைப்ரரியோட கதைக்கிற துண்டை, அதாவது ட்ரைவரை, மட்டும் மாத்தவேணும். நீங்கள் கீறின இன்டர்ஃபேஸில அஞ்சு ஃபங்ஷன் இருக்கு: இனிட், செட்-கீ, செட்-ஐவி, என்கிரிப்ட், டிகிரிப்ட். இது காணுமோ எண்டு கேட்டிருக்கிறியள்.

காணாது. ஃபங்ஷன் குறைஞ்சுபோச்சு எண்டு சொல்லேல்ல, இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் எண்டுகூட நான் நினைக்கிறன். வெட்டின இடம்தான் பிழை.

எங்கட பக்கத்தில லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெஷின் இல்லாத ஊர் இல்லை, அதை யோசிச்சுப் பாருங்கோ. எஞ்சின் ஒண்டு, பின்னால கலப்பையைப் பூட்டலாம், பெட்டியைப் பூட்டலாம், பெல்ட் போட்டு தண்ணி இறைக்கலாம். இவ்வளவும் ஏன் சரிவருதெண்டா பூட்டுற இடம் சரியான இடத்தில இருக்கு. அந்தப் பின்னை எஞ்சினுக்குள்ள கியர்ப்பெட்டியில வச்சிருந்தா, ஒவ்வொருக்கா கலப்பை மாத்தேக்கையும் உழவு செய்யிற மனுசன் கியர்ப்பெட்டியைக் கழட்டவேணும். நீங்கள் இப்ப செய்திருக்கிறது அதுதான். ஐவி (ஒவ்வொருக்காவும் குடுக்கிற தொடக்க இலக்கம்) என்ன, பாடிங் (கடைசிக் கட்டத்தை நிரப்புற பைட்டுகள்) என்ன, மோட் (கட்டங்களைக் கோக்கிற முறை) என்ன எண்டதெல்லாம் கியர்ப்பெட்டிச் சாமான், அதை நீங்கள் மேல இருக்கிற அப்ளிகேஷன் கோட்டின்ரை கையில குடுத்திட்டியள். பதிவை சேவ் பண்ணுற ஃபங்ஷனை எழுதுற பொடியனுக்கு ஐவி ஒரேமாதிரி ரெண்டுதரம் வந்தா என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சிருக்கவேணும் எண்டு எதிர்பாக்கேலாது.

ஆனபடியா "என்கிரிப்ட் செய்" எண்ட சொல்லையே இன்டர்ஃபேஸில இருந்து எடுங்கோ. ரெண்டே ரெண்டு வேலைதான்: "சீல்" எண்டு ஒண்டு, "ஓப்பன்" எண்டு ஒண்டு. சீல் எண்டா மறைக்கிறதும், கைவைச்சா பிடிபடுற மாதிரி முத்திரை குத்துறதும் ஒண்டாவே நடக்கும். ஓப்பன் எண்டா முத்திரை சரியா எண்டு பாத்திட்டு, சரியெண்டா மட்டும் உள்ளுக்கு இருக்கிறதைத் தரும். ஏஇஎஸ்-ஜிசிஎம், சாசா20-பொலி1305 எண்ட ரெண்டு அல்கோரிதமும் இந்த மாதிரிப் பிறந்ததுகள்தான், நாலு சாமான் கேக்கும்: கீ, நொன்ஸ் (ஒரு கீயோட ஒருக்கா மட்டும் பாவிக்கிற இலக்கம்), உள்ளடக்கம், அதோட "மறைக்கத் தேவையில்லை ஆனா மாத்தவும் விடக்கூடாது" எண்டு சொல்லுற கூட்டுத்தரவு. தாறது சைபர்டெக்ஸ்டும் (மறைச்ச தரவு) 16 பைட் டாக்கும் (அந்த முத்திரை). சிபிசி மாதிரி முத்திரை இல்லாத பழைய மோடுகளை இந்த இன்டர்ஃபேஸுக்குள்ள கொண்டுவரவே வேண்டாம். 2002 இல வோடெனே எண்டவர் சிபிசி பாடிங் பிழையை சர்வர் வேறையாச் சொன்னாலே முழு மெசேஜையும் கீ இல்லாமல் வாசிக்கலாம் எண்டு காட்டினவர், அதுக்குப் பிறகும் எத்தினையோ பேர் அதே குழியில விழுந்தவை. மறைக்கிறதையும் சரிபாக்கிறதையும் தனித்தனி ஃபங்ஷனாக் குடுத்தா யாரோ ஒராள் ரெண்டாவதை மறக்கத்தான் போறார்.

அந்தக் கூட்டுத்தரவை மட்டும் லேசா விட்டிடாதேங்கோ, உங்கட வேலைக்கு அதுதான் உயிர். ஒவ்வொரு கமக்காரற்றை பதிவையும் தனித்தனியா சீல் பண்ணுறியள், சரி. ஃபைலைத் தொட ஏலுமான ஒராள், கீ ஒண்டும் தெரியாமலே, 17ஆம் பதிவின்ரை பாங்க் கணக்கு இருக்கிற சைபர்டெக்ஸ்டைத் தூக்கி 18ஆம் பதிவில வச்சா என்ன நடக்கும்? ரெண்டும் அதே கீயால சீல் பண்ணினது, டாக் சரி, ஓப்பன் ஆகும். 18ஆம் ஆளின்ரை பசளைக் காசு 17ஆம் ஆளுக்குப் போகும். என்கிரிப்ஷன் கொஞ்சமும் உடையேல்ல, ஆனா களவு நடந்து முடிஞ்சுது. கூட்டுத்தரவில பதிவு இலக்கம், எந்த ஃபீல்ட், எந்த அமைப்பு எண்டதுகளைப் போட்டுச் சீல் பண்ணினா, இடம் மாறின உடனே டாக் பிழைக்கும். அதாலை உங்கட இன்டர்ஃபேஸில கூட்டுத்தரவு ஒரு விருப்பத்தேர்வா இருக்கக்கூடாது, நல் (NULL) பொயின்டர் குடுத்தாலும் கோர் தானாவே குறைஞ்சபட்சம் ஃபைல் ஹெடரை அதுக்குள்ள போடவேணும்.

கோர் எண்டு சொல்லிட்டன், என்னெண்டு சொல்லேல்ல. மூண்டு தட்டு வையுங்கோ. மேல அப்ளிகேஷன், கீழ ட்ரைவர், நடுவில நீங்கள் எழுதுற மெல்லிய கோர், ஒரு ஐந்நூறு வரிக்குள்ள முடியிறது. ட்ரைவருக்கு கணக்கு மட்டும்தான் தெரியும். எந்த நொன்ஸ், எந்தக் கீ, எந்த அல்கோரிதத்தை அனுமதிக்கிறது, ஃபைலில எப்பிடி எழுதுறது எண்ட முடிவு எல்லாம் கோரிட்டை. ட்ரைவர் எழுதுறவர் நாளைக்கு உங்கட தம்பிமார் பட்ச்சில வாற யாரோ, அவர் முடிவெடுக்கிற இடங்கள் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது.

இனி ட்ரைவரைக் கோருக்குக் காட்டுற ஸ்ட்ரக்டுக்கு வருவம். ஃபங்ஷன் பொயின்டர் நிரம்பின ஒரு ஸ்ட்ரக்ட், கொன்ஸ்ட் (மாத்த ஏலாதது) எண்டு அறிவிச்சது, ஒரு ட்ரைவருக்கு ஒண்டு. லினக்ஸ் கேர்னலில ஃபைல் ஒப்பரேஷன்ஸ் எண்ட ஸ்ட்ரக்ட் இப்பிடித்தான், புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கொன்ஸ்ட் எண்டு நான் அழுத்திச் சொல்லுறது அழகுக்கில்லை, ஈஎஸ்பி32 இல உள் ராம் மொத்தமே 520 கிலோபைட், கொன்ஸ்ட் டேபிளை ஃப்ளாஷிலயே விட்டிடலாம், பிசியில அது ரீட்-ஒன்லி பக்கத்தில போய் இருக்கும், வேற எங்கையோ ஒரு பஃபர் வழிஞ்சு வந்து உங்கட ஃபங்ஷன் பொயின்டரை மாத்த ஏலாது.

முதல் ரெண்டு ஃபீல்ட் இன்டர்ஃபேஸ் வேர்ஷனும் ஸ்ட்ரக்டின்ரை சைஸும். இப்ப தேவையில்லை மாதிரித் தெரியும், ரெண்டு வருசத்தால கடைசியில ஒரு ஃபங்ஷன் கூட்டேக்க, பழைய ட்ரைவரின்ரை ஸ்ட்ரக்ட் சின்னது எண்டு கோருக்குத் தெரிஞ்சா அந்த இடத்தைத் தொடாது, தெரியாட்டி குப்பையை ஃபங்ஷன் எண்டு நினைச்சுக் கூப்பிடும். ஓபன்எஸ்எஸ்எல் 2021 செப்டெம்பரில 3.0 வெளிவிட்டபோது பழைய எஞ்சின் முறையைக் கைவிடச் சொல்லி ப்ரொவைடர் எண்ட புது முறைக்கு வந்தது, அதில ஸ்ட்ரக்டே இல்லை, "இலக்கம், ஃபங்ஷன் பொயின்டர்" எண்டு சோடி சோடியா ஒரு வரிசை, கடைசியில 0. ட்ரைவருக்குத் தெரிஞ்ச இலக்கத்தை மட்டும் போடும், கோர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும், எது புதுசா வந்தாலும் பழசு உடையாது. அது பெரிய ஊருக்குச் சரி. நாலு ஃபங்ஷன் இருக்கிற உங்களுக்கு சைஸ் ஃபீல்டே காணும், ஆனா அந்த வடிவத்தை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, கனக்க விளங்கும்.

பிறகு அல்கோரிதத்தின்ரை அடையாள இலக்கம், ட்ரைவரின்ரை பேர். இது ரெண்டும் வேற வேற எண்டதைத் தயவுசெய்து பிரிச்சு வையுங்கோ. உங்கட வரைபில "ஓபன்எஸ்எஸ்எல்-ஏஇஎஸ்" எண்டு ஒரே பேராக் கிடக்கு. லினக்ஸில ப்ரொக் எண்ட டைரக்டரிக்குள்ள க்ரிப்டோ எண்ட ஃபைலைத் திறந்து பாத்தா ஒவ்வொரு இடத்திலயும் "நேம்" எண்டு ஒண்டு, "ட்ரைவர்" எண்டு ஒண்டு, "ப்ரயோரிட்டி" எண்டு ஒண்டு கிடக்கும். ஒரே அல்கோரிதத்துக்கு சாதாரண சி-யில எழுதினதும் இருக்கும், இன்டெல்லின்ரை ஏஇஎஸ் இன்ஸ்ட்ரக்ஷன் பாவிக்கிறதும் இருக்கும், ப்ரயோரிட்டி கூடினது எடுபடும். ஃபைலில எழுதுறது அல்கோரிதத்தின்ரை இலக்கத்தை மட்டும், ட்ரைவரின்ரை பேரை ஒருநாளும் எழுதாதேங்கோ. நிறுக்கிற பெட்டி எம்பெட் டிஎல்எஸ்ஸால சீல் பண்ணினதை ஒஃபிஸ் பிசி ஓபன்எஸ்எஸ்எல்லால திறக்கவேணும், அதுதானே முழு நோக்கமும்.

கீ நீளம், நொன்ஸ் நீளம், டாக் நீளம், கொன்டெக்ஸ்ட் (ட்ரைவர் தன்ரை நிலையை வச்சிருக்கிற மெமரி) சைஸ் இதுகளும் ஸ்ட்ரக்டிலயே இருக்கட்டும், அப்ப கோர் 12, 16, 32 எண்டு இலக்கங்களை அங்கங்க எழுதத் தேவையில்லை. கொன்டெக்ஸ்டை யார் ஒதுக்கிறது எண்டதில ரெண்டு பக்கமும் கதை இருக்கு. ட்ரைவரே மல்லொக்கால மெமரி எடுத்தா எழுத லேசு, ஆனா ஈஎஸ்பி32 மாசக்கணக்கா ஓடேக்க ஹீப் துண்டு துண்டாகி ஒருநாள் மல்லொக் நல் தரும், அந்த நாள் அறுவடை நாளாத்தான் இருக்கும். நான் விரும்புறது: ட்ரைவர் தனக்கு எத்தினை பைட் வேணும் எண்டு சொல்லட்டும், கோர் தொடக்கத்திலயே ஒருக்கா ஒதுக்கிக் குடுக்கட்டும், அலைன்மென்ட்டை மாக்ஸ்-அலைன் டைப்புக்கு வச்சுக்கொள்ளுங்கோ. ஓபன்எஸ்எஸ்எல் ட்ரைவருக்கு அந்த இடத்தில ஒரு பொயின்டர் மட்டும் இருக்கும், ஏனெண்டா 2016 இல வந்த 1.1.0 இல இருந்து அவையின்ரை ஸ்ட்ரக்டுகள் உள்ள பாக்க ஏலாத மாதிரி மூடியாச்சு, சைஸ் தெரியாது, அவையே ஒதுக்கித் தருவினம். பரவாயில்லை. மேல இருக்கிற கோட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவே கூடாது.

ஃபங்ஷன் நாலு: கீயைக் குடுத்துத் தொடங்கிறது, சீல், ஓப்பன், துடைக்கிறது. தொடங்கிற ஃபங்ஷனுக்கு கீயை வெறும் பைட் பொயின்டரா குடுக்காதேங்கோ, "என்ன வகைக் கீ" எண்டு ஒரு ஃபீல்டும் அதோட ஒரு பொயின்டரும் இருக்கிற சின்ன ஸ்ட்ரக்டாக் குடுங்கோ. இப்ப ஒரு வகைதான், ராமில இருக்கிற கீ. நாளைக்கு கீயை வெளியில விடாத சிப் ஒண்டைப் பூட்டினா அங்க கீக்குப் பதிலா இடத்தின்ரை இலக்கம்தான் போகும், அப்ப இன்டர்ஃபேஸ் மாறாது. பிகேசிஎஸ்-11 எண்ட தரம் இதுக்கெண்டே இருக்கு, ஒரேயொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டா முழு ஃபங்ஷன் பட்டியலையும் ஒரு ஸ்ட்ரக்டாத் தரும், கீயை ஹான்டிலாத்தான் பிடிக்கலாம்.

இப்ப முக்கியமான இடம், ஒப்பந்தம். ஹெடர் ஃபைலில ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேல என்ன கொமென்ட் எழுதுறியளோ அதுதான் இன்டர்ஃபேஸ், ஃபங்ஷனின்ரை டைப் வெறும் கோது. சீல், ஓப்பன் ரெண்டையும் ட்ரைவர் எழுதுற ரெண்டு பேர் ரெண்டு விதமா விளங்கிக்கொண்டா ரெண்டும் கொம்பைல் ஆகும், ரெண்டும் ஓடும், ஒண்டு ஆபத்து.

உங்கட ரெண்டு லைப்ரரியையே எடுங்கோ. எம்பெட் டிஎல்எஸ்ஸில வெற்றி எண்டா 0, பிழை எண்டா மைனஸ் இலக்கம். ஓபன்எஸ்எஸ்எல்லில வெற்றி எண்டா 1, பிழை எண்டா 0, சில இடத்தில மைனஸும் வரும். ஒரு ட்ரைவரில எழுதின "இஃப்" வரியை மற்றதுக்குக் கொப்பி அடிச்சா பிழைச்ச டாக்கை சரியெண்டு சொல்லுற ட்ரைவர் ரெடி. இது கற்பனையில்லை, 2009 ஜனவரியில வெளிவந்த ஒரு ஓட்டை இதே கதைதான், கையொப்பம் சரிபாக்கிற ஃபங்ஷன் மைனஸ் 1 தரேக்க அதை "பூச்சியம் இல்லை, அப்ப உண்மை" எண்டு எடுத்த கோட் ஓபன்எஸ்எஸ்எல்லுக்குள்ளயே இருந்தது. அதாலை உங்கட இன்டர்ஃபேஸுக்கெண்டு தனி ஈனம் (enum, பேர் வச்ச இலக்கப் பட்டியல்) ஒண்டு வையுங்கோ, அதில வெற்றிக்கு 0 வேண்டாம், ஒரு விசேட இலக்கம் குடுங்கோ, கோர் "அதே இலக்கமோ" எண்டு மட்டும் பாக்கட்டும். துடைச்ச மெமரியில இருந்து தற்செயலா வாற 0 ஒருநாளும் வெற்றியா இருக்கக்கூடாது எண்டது என்ரை பிடிவாதம்.

அடுத்தது, டாக் பிழைச்சா வெளிப் பஃபரில என்ன இருக்கும்? எம்பெட் டிஎல்எஸ்ஸின்ரை ஜிசிஎம் ஒத்-டிகிரிப்ட் ஃபங்ஷன் பிழையெண்டா வெளிப் பஃபரைத் துடைச்சுப்போட்டுத்தான் திரும்பும். ஓபன்எஸ்எஸ்எல்லில டிகிரிப்ட் அப்டேட் கூப்பிட்ட உடனே ப்ளெயின்டெக்ஸ்ட் (மறைப்பு எடுத்த தரவு) பஃபரில வந்திடும், டாக் சரியோ பிழையோ எண்டது கடைசியா ஃபைனல் கூப்பிடேக்கதான் தெரியும். மேல இருக்கிறவர் ரிட்டர்னைப் பாக்காமல் பஃபரைப் பாவிச்சா ஒரு ட்ரைவரில வெறும் பூச்சியம் வரும், மற்றதில களவா மாத்தின தரவு வரும். ஒப்பந்தத்தில எழுதுங்கோ: ஓப்பன் தோத்தா வெளிப் பஃபர் முழுக்க பூச்சியம், நீளமும் 0. அதோட கோரும் தன்ரை பங்குக்கு ஒருக்கா துடைக்கட்டும், ட்ரைவரை நம்பி இருக்கத் தேவையில்லை.

ஓபன்எஸ்எஸ்எல் அப்டேட்டில நீளம் இன்ட், உங்கட இன்டர்ஃபேஸில சைஸ்-டி, அப்ப 2 ஜிகாபைட்டுக்கு மேல குடுத்தா வெட்டுப்பட்டுப் போகும், ட்ரைவர் முதல் வரியிலயே அதைப் பாத்து மறுக்கவேணும். உள் பஃபரும் வெளிப் பஃபரும் ஒண்டா இருக்கலாமோ, அரைகுறையா மேல விழலாமோ எண்டதையும் எழுதுங்கோ, நான் "ஒண்டாவே இருக்கலாம், அரைகுறை ஏலாது" எண்டு வைப்பன். உள்ளடக்கம் 0 பைட்டா இருக்கலாம், அது பிழையில்லை. பிழைக் கோட் அஞ்சாறு காணும், ஆனா டாக் பிழைச்சது எண்டதுக்கு ஒண்டே ஒண்டு, ஏன் பிழைச்சது எண்டு பிரிச்சுச் சொல்லவேண்டாம், வோடெனே கதைதான் திரும்ப வரும்.

நொன்ஸ். இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் போறன், ஏனெண்டா சொந்தமாப் பட்டனான். சில வருசத்துக்கு முதல் ஒரு குளத்துத் துருசடியில நீர்மட்டம் அளக்கிற பெட்டி ஒண்டு செய்தனான், ஏஇஎஸ்-ஜிசிஎம், நொன்ஸ் 12 பைட், அதுக்குள்ள ஒரு கவுன்டர், ஒவ்வொரு பதிவுக்கும் ஒண்டு கூடும். ஃப்ளாஷ் தேயக்கூடாது எண்டு நூறு பதிவுக்கு ஒருக்காத்தான் கவுன்டரை எழுதினன். மழை நாளில சோலார் பட்டரி இறங்கி பெட்டி நிண்டு நிண்டு எழும்பினது. ஒவ்வொருக்கா எழும்பேக்கையும் கவுன்டர் கடைசியா எழுதின இடத்துக்குப் பின்வாங்கி, ஏற்கனவே பாவிச்ச நொன்ஸுகளைத் திருப்பிப் பாவிச்சிருக்கு. நான் அதைக் கண்டுபிடிச்சது மூண்டு மாசத்துக்குப் பிறகு, ஃபைல் ஹெடருகளை சோர்ட் பண்ணிப் பாக்கேக்க ஒரே நொன்ஸ் ரெண்டு பதிவில கிடந்தது. ஒரே கீ ஒரே நொன்ஸ் எண்டா ரெண்டு சைபர்டெக்ஸ்டையும் எக்ஸ்ஓர் பண்ணினா ரெண்டு ப்ளெயின்டெக்ஸ்டின்ரை எக்ஸ்ஓர் வெளியில வந்திடும், ஜிசிஎம்மில அதைவிட மோசம், முத்திரை குத்துற உள்கீயையே கணக்குப் போட்டு எடுக்கலாம், எடுத்தா அந்தக் கீக்குக் கீழ பொய்ப் பதிவு தயாரிக்கலாம். நீர்மட்டம் எண்டபடியா ஒருத்தருக்கும் பெரிய நட்டம் வரேல்ல. பாங்க் கணக்கா இருந்தா?

அதாலை நொன்ஸ் அப்ளிகேஷனிட்டயும் வேண்டாம், ட்ரைவரிட்டயும் வேண்டாம், கோர்தான் ஒவ்வொரு சீலுக்கும் புதுசா எடுத்து, சைபர்டெக்ஸ்டுக்கு முன்னால தானே எழுதவேணும். உங்களுக்கு ரான்டம் 12 பைட் காணும். ரான்டம் நொன்ஸோட ஜிசிஎம்மில ஒரு கீக்கு 2 இன் அடுக்கு 32 தரத்துக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட 429 கோடிக்கு மேல, சீல் பண்ணக்கூடாது எண்டு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் நிஸ்ட்டின்ரை 2007 ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்லுது, ஒரு கமக்காரர் அமைப்பு அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவும் போகாது. கவுன்டர்தான் வேணும் எண்டு யாரும் அடம்பிடிச்சா, "இனி இந்த இலக்கம் வரைக்கும் பாவிக்கப்போறன்" எண்டு மேல்வரம்பை முதல்ல ஃப்ளாஷில எழுதிப்போட்டு பிறகு பாவிக்கவேணும், கரண்ட் போனா மிச்சத்தை வீணாக்கிறது, திருப்பித் தொடுறதில்லை. ஆனா பழைய பாக்அப்பை ரிஸ்டோர் பண்ணினா அதுவும் உடையும். ரான்டமே நல்லது.

ஆனா ரான்டம் எங்கயிருந்து வருது எண்டது தனிக் கேள்வி, அதுக்குத் தனியா ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் வையுங்கோ, என்கிரிப்ஷன் ட்ரைவருக்குள்ள ஒளிச்சு வைக்கவேண்டாம். லினக்ஸில கெட்ரான்டம் எண்ட சிஸ்டம் கோல் 3.17 கேர்னலில இருந்து இருக்கு, அதையே பாவியுங்கோ. ஈஎஸ்பி32 இல கவனம், அதின்ரை ஹார்ட்வெயர் ரான்டம் வைஃபை அல்லது ப்ளூடூத் ஓடேக்கதான் உண்மையான ரான்டம், இல்லாட்டி உள் என்ட்ரொப்பி சோர்ஸை நீங்களே ஒன் பண்ணவேணும், ரேடியோவை நிப்பாட்டி வச்சு பட்டரி மிச்சம் பிடிக்கிற பெட்டியில இது மறந்துபோற விசயம். டெபியன் லினக்ஸில 2006 இல ஒராள் ஓபன்எஸ்எஸ்எல் ரான்டம் கோட்டில வரி எடுத்தபடியா 2008 வரைக்கும் அங்க உருவான கீயெல்லாம் ப்ரொசெஸ் இலக்கத்தில மட்டும் தங்கி இருந்தது, ஒரு வகைக் கீக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாத்தியம்தான். என்கிரிப்ஷன் கணக்கு ஒண்டும் பிழைக்கேல்ல, ரான்டம் பிழைச்சது, எல்லாம் போச்சு.

ஃபைல் ஹெடரில என்ன இருக்கவேணும்: மாஜிக் பைட் (இது எங்கட ஃபைல் எண்ட அடையாளம்) நாலு, ஃபோர்மட் வேர்ஷன், அல்கோரிதம் இலக்கம், கீ இலக்கம், நொன்ஸ். முழு ஹெடரும் கூட்டுத்தரவுக்குள்ள. வாசிக்கேக்க கோர் ஹெடர் சொன்ன அல்கோரிதத்தைக் கேட்டு நடக்கக்கூடாது, தன்னட்டை இருக்கிற அனுமதிப் பட்டியலில அது இருக்கோ, இந்தக் கீ அந்த அல்கோரிதத்துக்குத்தான் குடுத்ததோ எண்டு பாக்கவேணும். 2015 இல ஜேடபிள்யூடி (வெப்பில ஆளை அடையாளம் காட்டுற டோக்கன்) லைப்ரரிகள் கனக்க "அல்கோரிதம்: ஒண்டுமில்லை" எண்டு எழுதிவந்த டோக்கனை ஏற்றுக்கொண்டது வெளிச்சத்துக்கு வந்தது, வந்தவன் சொன்னதைக் கேட்டதுதான் காரணம். நீங்கள் டெஸ்டுக்கெண்டு ஒரு வெறும் ட்ரைவர் வச்சிருக்கிறியள் எண்டு எழுதியிருந்தனீங்கள், ஒண்டும் செய்யாமல் அப்பிடியே கொப்பி பண்ணுறது. அதை டெஸ்ட் பைனரியில மட்டும் கொம்பைல் பண்ணுங்கோ, ரிலீஸ் பில்டில அந்தச் சி ஃபைலே லிங்க் ஆகக்கூடாது, ஒரு ஃப்ளாக்கால மூடி வைக்கிறது காணாது.

ஒரே கீயை ரெண்டு அல்கோரிதத்துக்குப் பாவிக்கவும் வேண்டாம். மாஸ்டர் கீயில இருந்து எச்கேடிஎஃப் எண்ட கீ பிறப்பிக்கிற முறையால, அல்கோரிதம் இலக்கத்தையும் கீ இலக்கத்தையும் இன்ஃபோவில குடுத்து, ஒவ்வொண்டுக்கும் தனிக் கீ எடுங்கோ.

அல்கோரிதம் எத்தினை? ரெண்டு காணும், ரெண்டுக்கு மேல போகவேண்டாம் எண்டு கேக்கிறன். ஒஃபிஸ் பிசியில ஏஇஎஸ் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு, ஈஎஸ்பி32 இலயும் ஏஇஎஸ்ஸுக்கு ஹார்ட்வெயர் இருக்கு, ஆனா ராஸ்பெரி பை 4 இன்ரை ப்ரொசெசரில ஏஇஎஸ் இன்ஸ்ட்ரக்ஷன் இல்லை, அங்க சாசா20-பொலி1305 வேகமும் கூட, டேபிள் பாத்து ஓடுற ஏஇஎஸ் கோட்டில கேஷ் நேரத்தால கீ கசியிற பிரச்சினையும் இல்லை. ஏஇஎஸ்ஸில 256 பிட் வகையை எடுத்தா ரெண்டுக்கும் கீ 32 பைட், நொன்ஸ் 12, டாக் 16, வசதியா ஒரே அளவு. "மாத்திப் பூட்டக்கூடியது" எண்டா எல்லாத்தையும் பூட்டவேணும் எண்டில்லை. வயர்கார்ட் எண்ட விபிஎன் அல்கோரிதம் தேர்வே இல்லாமல் வந்தது, பிழை வந்தா புது வேர்ஷன் எண்டு சொல்லி.

ட்ரைவரை ரன்டைமில டிஎல்-ஓப்பனால ஏத்தலாமோ எண்டும் கேட்டிருக்கிறியள். ஏத்தலாம், ஆனா எனக்கு விருப்பமில்லை. ட்ரைவர் ஃபைலை அந்த டைரக்டரிக்குள்ள வைக்கக்கூடிய எவருக்கும் உங்கட கீ எல்லாம் கையில கிடைச்சமாதிரி. உங்களுக்கு மூண்டு இடம், மூண்டு பில்ட், ட்ரைவர் பொயின்டர்கள் இருக்கிற ஒரு ஸ்டாட்டிக் வரிசை, பில்டில எது லிங்க் ஆகவேணும் எண்டு மேக்ஃபைல் சொல்லட்டும். ஈஎஸ்பி32 இலயும் இதுதான் லேசு. கட்டாயம் எண்டா முழுப் பாதை குடுத்து, ரூட் மட்டும் எழுதக்கூடிய டைரக்டரியில இருந்து, எல்லா சிம்பலையும் அப்பவே தேடுற மாதிரி ஏத்தி, ஒரே ஒரு என்ட்ரி ஃபங்ஷனைத் தேடி, வேர்ஷன் பொருந்தாட்டி மறுத்து இறக்குங்கோ.

துடைக்கிறதைப் பற்றி: கீயை வெறும் மெம்செட்டால துடைச்சா "இதைப் பிறகு ஒருத்தரும் வாசிக்கேல்ல" எண்டு கொம்பைலர் அந்த வரியையே தூக்கிப்போடும், ஒப்டிமைசேஷன் போட்டுப் பில்ட் பண்ணி அசெம்பிளியைப் பாத்தா தெரியும். லினக்ஸின்ரை சி லைப்ரரி ஜிலிப்சியில 2.25 இல இருந்து எக்ஸ்ப்ளிசிட்-பிசீரோ இருக்கு, ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு க்ளென்ஸ், எம்பெட் டிஎல்எஸ்ஸுக்கு ஸீரோயைஸ், இதுகளுக்கு மேல ஒரு பேரில ஒரு ஃபங்ஷன் எழுதிவிடுங்கோ.

பெரிய ஃபைல், காணி உறுதி ஸ்கான் பண்ணினது மாதிரி, முழுக்க ராமில வராது. அதுக்கு ட்ரைவரில "அப்டேட்" ஃபங்ஷன் கூட்டவேண்டாம், கூட்டினா சரிபாக்காத ப்ளெயின்டெக்ஸ்ட் வெளியில போற பிரச்சினை திரும்ப வரும். கோரே ஃபைலைத் துண்டாக்கட்டும், பிசியிலயும் ராஸ்பெரி பையிலயும் 64 கிலோபைட், பெட்டியில 4, துண்டு அளவு ஹெடரில இருக்கட்டும். ஒவ்வொரு துண்டையும் தனியா சீல் பண்ணி, கூட்டுத்தரவில எந்த ஃபைல், எத்தினையாம் துண்டு, இது கடைசியோ இல்லையோ எண்டதையும் போடுங்கோ. கடைசி எண்ட அடையாளம் இல்லாட்டி வால் வெட்டினது தெரியாது.

நீளம் மறையாது எண்டதையும் ஞாபகம் வச்சிருங்கோ. பழைய அடையாள அட்டை 10 எழுத்து, புதுசு 12, தனி ஃபீல்டா சீல் பண்ணினா சைபர்டெக்ஸ்ட் நீளத்தைப் பாத்தே எந்த அட்டை எண்டு சொல்லலாம், ஃபீல்டுகளை ஒரே நீளத்துக்கு நிரப்பிப்போட்டு சீல் பண்ணுங்கோ.

ஃபங்ஷன் பொயின்டரால வேகம் குறையும் எண்டு உங்கட நண்பர் சொன்னதுக்கு: ஒரு பதிவுக்கு ஒரு கோல், அது எஸ்டி கார்டில எழுதுற நேரத்துக்கு முன்னால ஒண்டுமேயில்லை.

டெஸ்ட் ட்ரைவருக்கு ஒண்டா எழுதாதேங்கோ, இன்டர்ஃபேஸுக்கு ஒண்டு எழுதி எல்லா ட்ரைவரையும் அதுக்குள்ளால ஓட்டுங்கோ. முதல்ல தெரிஞ்ச விடைகள், சாசாவுக்கு ஆர்எஃப்சி 8439 எண்ட தர ஆவணத்தில இருக்கிறது, ஜிசிஎம்முக்கு நிஸ்ட் வெளிவிட்டது, ரெண்டுக்கும் சேர்த்து கூகிள் ஆக்கள் தொடங்கின விச்ப்ரூஃப் (Wycheproof) தொகுப்பு, அதில வேணுமெண்டே பிழையாக்கினதுகள் கனக்க இருக்கு. பிறகு ஒரு ட்ரைவரால சீல் பண்ணி மற்றதால ஓப்பன், மாறியும். பிறகு ஒரு சீல் பண்ணின பதிவை எடுத்து ஹெடர், கூட்டுத்தரவு, சைபர்டெக்ஸ்ட், டாக் எல்லாத்திலயும் ஒவ்வொரு பிட்டா மாத்தி மாத்தி ஓப்பன் பண்ணிப் பாருங்கோ, ஒவ்வொண்டும் தோக்கவேணும், தோக்கேக்க பஃபர் பூச்சியமா இருக்கவேணும். ரிட்டர்ன் கோட் கொப்பி அடிச்ச பிழை இந்த டெஸ்டில முதல் செக்கனிலயே பிடிபடும். பிசியில அட்ரஸ் சானிடைசர் (மெமரிப் பிழை பிடிக்கிற கருவி) போட்டு ஓட்டுங்கோ. ஒரு டெஸ்ட் ட்ரைவர் எழுதி அது நடுவில வேணுமெண்டே பிழை தரட்டும், கோர் பாதி எழுதின ஃபைலை விட்டிட்டுப் போகுதோ எண்டு பாக்கலாம். தற்காலிக ஃபைலில எழுதி எஃப்சிங்க் பண்ணி (டிஸ்க்கில இறங்கினதை உறுதிப்படுத்தி) ரீநேம் பண்ணுறது கோரின்ரை வேலை, எங்கட கரண்டுக்கு இது கட்டாயம்.

வேலையை எந்த ஒழுங்கில செய்யிறது எண்டா, முதல்ல ஹெடர் ஃபைலையும் கொமென்டையும் மட்டும் எழுதுங்கோ, பிறகு அந்த பிட் மாத்துற டெஸ்ட், பிறகு ஓபன்எஸ்எஸ்எல் ட்ரைவர், அது ஓடின பிறகு எம்பெட் டிஎல்எஸ். ரெண்டாவது ட்ரைவர் எழுதேக்க ஹெடரில ஏதும் மாத்தவேண்டி வந்தா அது நல்லது, அங்கதான் முதல் லைப்ரரியின்ரை பழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இன்டர்ஃபேஸுக்குள்ள ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்த ஹெடரை எழுதினாப்பிறகு இஞ்ச போடுங்கோ, கொமென்டோட போடுங்கோ, வரி வரியா பாத்துச் சொல்லுறன்.